சாமி நிரை

எங்களுக்கு வேலை செய்யக் கற்றுக்கொடுக்கக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். கழுத்தில் டை, காலில் பளபளக்கும் சப்பாத்து. காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் வாகனத்தை விட்டு இறங்கியதும் ஒரு சப்பாத்து சேற்றில் புதைந்தது. அதைத் துடைக்க அவர் சுற்றிலும் இலை தேடினார். தேயிலை மலைக்கு நடுவே நின்றுகொண்டு இலை தேடிய மனிதரை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அது 1998 பங்குனி. அரசாங்கத்திடமிருந்து எங்கள் ஊசிமலைத் தோட்டத்தைக் கம்பெனி எடுத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்த ஆறு வருடத்தில் தோட்டத்தை நடத்த மூன்று துரைமார் வந்துவிட்டார்கள். மூன்றாவது துரைக்கு வயது முப்பதுகூட இருக்காது. லிந்துலையிலிருந்து மேலே ஏறி வரும் பாதையில் எத்தனை வளைவு என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே, ஒரு பெண் ஒரு நாளைக்குப் பதினாறு கிலோ கொழுந்து பறிப்பது போதாது, பதினெட்டு வேண்டும் என்று அறிவித்தவர். பதினெட்டு எங்கிருந்து வரும் என்று கேட்டதற்குக் கணினி சொல்கிறது என்றார். கணினி ஒரு நாளாவது கூடை சுமந்திருந்தால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேன்.

பாடம் நடந்தது கொழுந்து நிறுக்கும் மடுவத்தில். தோட்டத்தில் நான்கு கொழுந்துக் கேங், நான்கு கங்காணிமார். எங்கள் நால்வரையும் வாங்குப் பலகையில் உட்காரவைத்தார்கள். டை கட்டியவர் இங்கிலீஷில் பேச, பெரிய கிளாக்கர் ஜெயரத்தினம் தமிழில் சொன்னார். ஜெயரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருடமாக எங்கள் ஆபீசில் இருக்கிறார். இருந்தும் எங்கள் பேச்சு அவர் நாக்கில் ஒட்டவில்லை.

"உங்கட மனசில இருக்கிற தடைகளை ஒரு கடதாசியில எழுதி, இந்த பலூனுக்குள்ள போட்டு, ஊதி உடைக்கட்டாம்," என்றார் ஜெயரத்தினம். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"எதுக்குங்க கிளாக்கரய்யா?"

"என்னைக் கேக்காதேங்கோ செல்லசாமி. நான் சொல்லத்தான் சம்பளம் வாங்குறன். விளங்கத் தனிச் சம்பளம் இல்லை."

எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. என் கையில் ஒரு பச்சை பலூன். நான் அதை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். மூன்றாம் கேங் கங்காணி வீரய்யா ஊதினான். ஊதுவதில் அவனுக்கு இணை கிடையாது. துரை பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதற்காக இரண்டாவது பலூனையும் கேட்டு வாங்கி ஊதினான்.

அதன் பிறகு கேங்குகளுக்குப் பெயர் வைத்தார்கள். இத்தனை காலமும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்றுதான் இருந்தது. அதில் உற்சாகம் இல்லையாம். முதலாவது சிங்கம், இரண்டாவது யானை, மூன்றாவது கழுகு என்று எழுதிக்கொண்டு வந்தவர் நான்காவதற்குப் புலி என்று எழுதினார். ஜெயரத்தினத்தின் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து போய் அவர் காதில் ஏதோ சொன்னார். திரும்பி வந்து எங்களிடம் தணிந்த குரலில், "புலி எண்டு பேர் வச்சால் நாளைக்குப் பொலிஸ் வந்து அவரைக் கேக்காது, என்னைத்தான் கேக்கும்," என்றார். புலி குதிரையானது. நான்காம் கேங் என்னுடையது. இந்த மலையில் வெள்ளைக்காரத் துரை குதிரையில் போகும்போது என் தாத்தா கடிவாளத்தைப் பிடிக்க மறுத்தவர். அவருடைய பேரன் குதிரையாகிப்போனேன்.

இதையெல்லாம் நான் ஒரு கூத்தாகப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கடைசியில் துரை எழுந்து தன்னுடைய தமிழில் ஒன்று சொன்னார்.

"கங்காணி எல்லாரும் கேளு. இன்னைக்கிருந்து ஒரு மாசம் போட்டி. எந்த கேங் கூட கொழுந்து எடுக்குதோ, அந்த கங்காணிக்கு கோயில் திருவிழாவில பரிவட்டம். நா வந்து பாக்குறது."

வீரய்யா கை தட்டினான். நான் எழுந்து நின்றேன்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் பரிவட்டம் யாரும் வென்று எடுக்கும் பொருள் அல்ல. என் தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு இந்த மலைக்கு வந்தபோது இங்கே காடுதான் இருந்தது. முதல் வருடத்திலேயே காய்ச்சலில் பதினேழு பேர் போனார்கள். ஒரு கல்லை நட்டு அம்மனென்று கும்பிட்டுத்தான் மிச்சப் பேர் பிழைத்தார்கள். கல்லுக்குப் பின்னால் இருக்கும் பன்னிரண்டு நிரைத் தேயிலையையும் அம்மனுக்கென்று விடவேண்டும் என்று தாத்தா வெள்ளைக்காரத் துரையிடம் கேட்டு வாங்கினார். அந்தக் கொழுந்து தோட்டக் கணக்கில் சேராது, எங்கள் வீட்டுப் பெண்கள் பறித்து அம்மனுக்கே போடுவார்கள். திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பிருந்து மட்டும் அந்த நிரைகளில் யாரும் கை வைக்கமாட்டார்கள். திருவிழாக் காலையில் எல்லா லயத்து வீட்டுப் பெண்களும் சேர்ந்து அங்கே பறித்து, அந்தக் கொழுந்தை அம்மன் காலடியில் குவிப்பார்கள். அதற்குச் சாமி நிரை என்று பெயர். அந்த ஒரு மாதமும் அதைக் காப்பது எங்கள் வீட்டுப் பொறுப்பு. காத்துக் கொடுத்ததற்கு அடையாளமாகத்தான் பூசாரி எங்கள் வீட்டு மூத்தவர் தலையில் அம்மன் மேலிருந்த துணியை எடுத்துக் கட்டுவார். தாத்தாவுக்கு, அப்பாவுக்கு, எனக்கு. வெள்ளைக்காரன் இதில் கை வைக்கவில்லை. அரசாங்கமும் கை வைக்கவில்லை. எழுத்தில் ஒரு வரியும் இல்லை, தேவையும் இருக்கவில்லை.

துரைக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது யாரென்று கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. அழகன்தான். அவர் எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். கோயில் கமிட்டிக்கும் அவரே தலைவர். தலைவராக இருப்பதைத் தவிர அவர் வேறு வேலை பார்த்து நான் கண்டதில்லை. அன்று மாலையே அவருடைய காம்பராவுக்குப் போனேன்.

"உக்காருங்க கங்காணியாரே. தேத்தண்ணி குடிங்க."

"தேத்தண்ணி இருக்கட்டும். பரிவட்டத்த யாரைக் கேட்டு வித்தீங்க?"

"வித்தேனா? என்ன பேச்சு இது? கோயிலுக்குத் தகரம் தர்றாங்க. திருவிழாவுக்கு ஜெனரேட்டர் தர்றாங்க, லொறி தர்றாங்க. பதிலுக்கு ஒரு துணித்துண்டுதானே கேக்குறாங்க?"

"துணித்துண்டா?"

"கோவிச்சுக்காதீங்க. நீங்க ஜெயிச்சிட்டா உங்களுக்குத்தானே கட்டப் போறாங்க? போன வருசம் மாதிரியே. ஒங்க கேங்கு லேசுப்பட்ட கேங்கா?"

என் வீட்டு மரியாதையை எனக்கே பரிசாகத் தருவதாக ஆசை காட்டிய அந்த மனிதரிடம் நான் அதற்கு மேல் பேசவில்லை. சிலரிடம் கோபப்படுவதே அவர்களுக்கு மரியாதை செய்வதாகிவிடும்.

மறுநாள் மடுவத்தின் முன்னால் ஒரு பலகை வந்தது. ஒவ்வொரு மாலையும் நான்கு நிறக் கொடிகளை வரிசைப்படுத்திக் குத்தினார்கள். கூடக் கொழுந்து எடுத்த கேங்கின் கொடி மேலே, குறைந்ததன் கொடி கீழே. கங்காணிமாருக்குக் கம்பெனிப் பெயர் போட்ட மஞ்சள் தொப்பியும் கொடுத்தார்கள். என் தலையில் தலைப்பாகை இருந்தது. தொப்பியைப் பலூனோடு சேர்த்து வைத்தேன்.

வீரய்யா அன்றிலிருந்து தொப்பியைக் கழற்றவில்லை. அவனுடைய அப்பன் என் அப்பாவின் கேங்கில் வேலை செய்தவர், நல்ல மனிதர், நிமிர்ந்து நடந்தவர். இவன் எப்படி இப்படிக் குனிந்து பிறந்தானோ தெரியவில்லை. பெண்களை ஐந்தரைக்கே மலையில் ஏற்றினான். சாப்பாட்டு நேரத்தைப் பாதியாக்கினான். முற்றிய இலையையும் காம்பையும் கூடையில் தள்ளச் சொன்னான். நிறை கூடியது. துரைக்கு நிறைதான் தெரியும். அந்த இலை தொழிற்சாலையில் என்னவாகும் என்பது அடுத்த துரையின் கவலை. முதல் வாரமே கழுகுக் கொடி மேலே போய் உட்கார்ந்தது. எங்கள் குதிரை மூன்றாவதில் நின்றது.

நான் ஒன்றையும் மாற்றவில்லை. என் கேங்கில் நாற்பது பெண்கள். இரண்டு இலை ஒரு மொட்டு என்று சுத்தமாகப் பறிப்பார்கள், பத்து மணிக்குத் தேநீர் குடிப்பார்கள், மழை கொட்டினால் ஒதுங்குவார்கள். என் மலையில் எவளும் ஓடிப் பறித்ததில்லை, இனியும் ஓட விடுவதாக இல்லை.

என் மருமகள் ராசம்மா அந்த நாற்பதில் ஒருத்தி. மகன் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறான். அவள் என்னோடு லயத்தில் இருக்கிறாள். கேங்கில் அவளைவிட வேகமான கை கிடையாது. வாயும் அப்படித்தான். மூன்றாம் வாரம் ஒருநாள் தண்ணீர்க் குடத்தைத் தொம்மென்று இறக்கி வைத்தாள்.

"மாமா, தண்ணிப் பீலிக்குப் போக முடியல. வீரய்யா பொஞ்சாதி மீனம்மா என்னா சொல்றா தெரியுமா? 'குதிரைக்குப் புல்லு போடுங்கடி, நொண்டுது'ங்கிறா. எல்லாரும் சிரிக்கிறாளுக."

"சிரிச்சிட்டுப் போகட்டும்."

"'ஒங்க வீட்டுப் பெட்டியில இருக்கிற பழைய பரிவட்டத்த எல்லாம் எங்களுக்குக் குடுத்துருங்க, அடுப்புத் துணிக்கு ஆகும்'ங்கிறா."

நான் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தேன்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க மாமா. நாப்பது பேரும் அரைமணி முன்னாடி வர்றோம். அந்தப் பயலுகளத் தூக்கிச் சாப்பிட்டுருவோம்."

"வீரய்யா செய்யிறத நானும் செஞ்சா, பரிவட்டம் என் தலையில இருந்தா என்ன, அவன் தலையில இருந்தா என்ன?"

"ஒங்களுக்கு வாய்க்கு நல்லா இருக்கு. பீலியில நிக்கிறது நாங்க."

அவள் சொன்னது சரி. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. தலைப்பாகைக்குள்ளே இருப்பவனுக்கு மழை தெரியாது.

முற்றலையும் வழித்தெடுத்ததில் வீரய்யாவின் மலைகள் கடைசி வாரத்தில் துளிர் விடவில்லை, அவனுக்கும் எங்களுக்கும் இருந்த இடைவெளி சில கூடைகளாகச் சுருங்கியிருந்தது. போட்டியின் கடைசி நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறும் வேலை என்று துரை உத்தரவு போட்டிருந்தார். திருவிழா அடுத்த வெள்ளி. அம்மனுக்குப் பட்டு வாங்கிக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதை வேறு எந்த நாளிலும் வாங்கியிருக்கலாம். ஆனால் உங்கள் போட்டியை நான் எவ்வளவு மதிக்கிறேன் பாருங்கள் என்று காட்டுவதற்காகவே அந்த ஞாயிற்றுக்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டு, கேங்கை ராசம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஹட்டன் பஸ் ஏறினேன். ஹட்டனில் மூன்று கடை ஏறி இறங்கி, அரக்கு நிறத்தில் பச்சைக் கரை போட்ட பட்டு எடுத்தேன். கூட்டமில்லாத கடையில் உட்கார்ந்து ஆற அமரச் சாப்பிட்டேன். என் அலட்சியம் எனக்கு மிகவும் இனித்தது.

நாலரைக்குத் திரும்பி வந்தபோது மடுவத்தின் முன்னால் என் கேங்குப் பெண்கள் குலவை போட்டுக்கொண்டிருந்தார்கள். பலகையின் உச்சியில் குதிரைக் கொடி. ஒரு மாதக் கூட்டலில் வீரய்யாவை முப்பத்தொரு கிலோவால் முந்தியிருந்தோம். அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எச்சில் துப்பினான்.

"என்னா செல்லசாமியண்ணே, நீங்க இல்லாதப்பதான் ஒங்க கேங்கு ஓடுது போலிருக்கு."

நான் லொறியில் ஏற்றக் கட்டி வைத்திருந்த சாக்குகளில் ஒன்றை அவிழ்த்துக் கையை விட்டேன். கொழுந்து விரல் நீளத்துக்கு இருந்தது. பிஞ்சு, பட்டுப்போல, ஒடித்தால் பால்போல் வாசம். பத்து நாளைக்கு ஒருமுறை பறிக்கும் மலையில் அப்படிப்பட்ட கொழுந்து நிற்காது. ஒரு மாதம் கை படாத மலையில்தான் நிற்கும். இந்தத் தோட்டத்தில் ஒரு மாதம் கை படாத இடம் ஒன்றே ஒன்றுதான்.

பட்டுப் பொட்டலத்தோடு நேராகக் கோயிலுக்குப் பின்னால் போனேன். பன்னிரண்டு நிரையும் மேசைபோல் மட்டமாகக் கிடந்தன.

வீட்டுக்கு வந்தபோது ராசம்மா அடுப்படியில் இருந்தாள். நான் வாசலில் நின்றேன்.

"எந்த மலையில பறிச்சீங்க?"

"நம்ம மலையிலதான்."

"ராசம்மா."

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். "நான்தான் சொன்னேன் மாமா. மத்தவளுக பயந்தாளுக. சாப்பாட்டு நேரத்துல போயிட்டு வந்தோம். ஆத்தாளுக்கு ஒங்க தலையில கட்டுறதுதானே சந்தோசம்? வேற எவன் தலையிலயோ கட்டுறதுக்கு ஆத்தா ஒத்துக்குவாளா? அவ கொழுந்த அவளே குடுத்தான்னு நெனச்சேன்."

"காக்கிறதுக்குத்தான் அந்தத் துணி. தெரியுமா தெரியாதா?"

"தெரியும்." அவள் குரல் இறங்கியது. "பீலியில இருந்து அந்தச் சிரிப்பக் கேட்டுப் பாருங்க. அப்ப வந்து கேளுங்க."

அவளை அடித்து வெளியே தள்ளியிருக்க வேண்டிய நேரம் அது என்று என் அப்பா சொல்லியிருப்பார். எனக்குக் கை எழவில்லை. நான் அலட்சியமாக ஹட்டனில் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என் மரியாதைக்காகத் தன் சோற்றை விட்டுவிட்டு ஓடியிருக்கிறாள் அவள். தப்பான இடத்துக்கு ஓடினாள். ஆனாலும் ஓடினாள்.

செவ்வாய்க்கிழமைக்குள் தோட்டம் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. நிரை மொட்டையாகக் கிடப்பதை எல்லாரும் பார்த்தார்கள், யார் பறித்தது என்பதுதான் பேச்சு. புதன்கிழமை அழகன் என்னைத் தேடி வந்தார். முகத்தில் அத்தனை அக்கறை.

"ஒண்ணும் கவலப்படாதீங்க கங்காணியாரே. சரிக்கட்டியாச்சு. கீழ் லயத்து முத்துலிங்கத்தோட மாடு மேஞ்சிருச்சின்னு ஆபீசில சொல்லிட்டேன்."

"மாடு தேயிலை திங்காது. இந்த மலையில பொறந்த சின்னப்புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"தொரைக்குத் தெரியாதுல்ல?"

"முத்துலிங்கத்துக்கு என்னா ஆகும்?"

"மாட்ட விக்கச் சொல்லுவாங்க. நோஞ்சான் மாடு, போனாப் போகுது. ஜெனரேட்டர் வருது, டைக்காரய்யா வர்றாரு, இந்த நேரத்துல போயி ஒரு மாட்டப் பாக்க முடியுமா? நீங்க பேசாம வந்து தலையக் குடுங்க, அது போதும்."

முத்துலிங்கம் அந்த ஒரு மாட்டின் பாலை விற்றுத்தான் நோயாளி மனைவிக்கு மருந்து வாங்குகிறவர். அழகனுக்கும் அது தெரியும். தெரிந்தே சொன்னார். நான் கதவைச் சாத்தினேன்.

வெள்ளிக்கிழமை காலை கோயில் வாசலில் புதுத் தகரம் மின்னியது. ஜெனரேட்டர் போட்ட சத்தத்தில் உடுக்குச் சத்தம் கேட்கவில்லை. துரைக்கும் டை கட்டியவருக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். பெண்கள் சாமி நிரைக்குப் போய் ஆளுக்கு நாலு துளிரோடு திரும்பி வந்தார்கள். வழக்கமாக மார்பளவுக்குக் குவியும் கொழுந்து ஒரு தாம்பாளத்தை நிரப்பவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் முத்துலிங்கம் கைகட்டி நின்றார்.

பூசாரி அம்மன் மேலிருந்த துணியை எடுத்தார். அழகன் ஒலிபெருக்கியில், "கம்பெனியின் சாதனைக் கங்காணி, குதிரை அணித் தலைவர் செல்லசாமி," என்று கூப்பிட்டார். எங்கள் வீட்டுப் பெயரைச் சொல்லி அழைக்கிற வழக்கம் அவருக்கு மறந்துவிட்டது.

நான் முன்னால் போய் நின்றேன். தலைப்பாகையை எடுக்கவில்லை.

"பூசாரி, அது எனக்கு வேணாம். சாமி நிரையில பறிச்சது என் கேங்கு. பறிக்கச் சொன்னது நான். முத்துலிங்கத்தோட மாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. மாடு தேயிலை திங்கும்னு சொன்னவன் அவன் வீட்டு மாட்டுக்கு ஒரு கட்டுப் போட்டுப் பாக்கட்டும்."

பெண்கள் பக்கத்தில் ராசம்மா, "மாமா, அது..." என்று வாயெடுத்தாள். நான் அவளைப் பார்த்த பார்வையில் அவள் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வீட்டில் நடந்த தப்பு அந்த வீட்டு மூத்தவனுடையது. அதைப் பங்கு போட்டுக்கொள்ளும் பழக்கம் எங்களிடம் இல்லை.

"என்ன சொல்றான்?" என்று துரை கேட்டார். அழகன் ஓடிப்போய் எதையோ சொல்லப் பார்த்தார். துரை அவரைத் தள்ளிவிட்டு ஜெயரத்தினத்தைக் கூப்பிட்டார். ஜெயரத்தினம் நின்ற இடத்திலிருந்தே, ஒரு சொல் விடாமல், இங்கிலீஷில் சொன்னார். துரை கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஏய் கங்காணி, இதுக்கா? அது கம்பெனிக் கொழுந்துதானே? எவன் பறிச்சா என்ன? ஒரு மாசம் சும்மா வச்சிருந்ததா? எத்தன செடி இருக்கு அங்க?"

டை கட்டியவர் புத்தகத்தைத் திறந்து எழுதினார். இவ்வளவு காலமும் இந்தப் பன்னிரண்டு நிரை கணினிக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அதை நான்தான் ஊர் முன்னால் எழுந்து நின்று அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தேன்.

பரிவட்டத்தை யாருக்காவது கட்டியாக வேண்டும் என்று அழகன் பூசாரியின் முழங்கையை இடித்தார். இரண்டாவதாக வந்தவன் வீரய்யா. ஓடி வந்து நின்றான். துரை பார்த்துக்கொண்டிருக்கிறாரே, தொப்பியைக் கழற்றலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை. கழற்றாமல் குனிந்தான். பூசாரி ஒரு நிமிடம் தயங்கிவிட்டு, மஞ்சள் தொப்பிக்கு மேலேயே அம்மன் துணியைச் சுற்றிக் கட்டினார். தொப்பியின் முன்விளிம்பு துணிக்கு வெளியே வாத்தின் அலகுபோல் நீட்டிக்கொண்டிருந்தது. டை கட்டியவர் அதைப் படம் எடுத்தார். என் தாத்தா தலையில் ஏறிய மரியாதை அது. நான் கொண்டுவந்த அரக்குப் பட்டை அம்மன் காலடியில் வைத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை பெரட்டில் உத்தரவு வந்தது. கோயிலுக்குப் பின்னால் உள்ள பன்னிரண்டு நிரையும் இனி வாரா வாரம் திங்கட்கிழமை பறிக்க வேண்டும். நான்காம் கேங் பறிக்கும்.

"நீதானே கண்டுபிடிச்சது," என்றார் துரை. அது பாராட்டு என்றே நினைத்துச் சொன்னார். அதுதான் அவரிடம் உள்ள கொடுமை.

என் கேங்குப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். மாட்டோம் என்று அவர்கள் நின்றால் பாதிப் பேர் என்று அரைநாள் சம்பளம்தான் போடுவார்கள், பட்டினி கிடப்பது அவர்கள். பறியுங்கள் என்று நான் சொன்னால், மூன்று தலைமுறை காத்ததை நானே அறுத்ததாகும். அன்றைக்குத் துளிர் இன்னும் எழும்பவில்லை என்று சொல்லி வேறு மலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு வாரத்துக்குத்தான் அந்தச் சாக்கு செல்லும்.

அடுத்த ஞாயிறு, விடிந்ததும், வீட்டு மூலையில் இருந்த ராசம்மாவின் கூடையை எடுத்தேன்.

கங்காணி கூடை தொடுவதில்லை. என் தாத்தா தொட்டதில்லை, அப்பா தொட்டதில்லை. நாற்பது வருடம் நிரைக்குப் பின்னால் நின்று, பெண்களின் கையைப் பார்த்து, இது முற்றல், அது காம்பு என்று குறை சொன்னவன் நான். கூடைக் கயிற்றைத் தலைப்பாகைக்கு மேல் போட்டால் வழுக்கியது. தலைப்பாகையைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

இரண்டு நிரைகூட முடியவில்லை, இடுப்பு ஒடிந்துபோனது. விரல் நகக்கண்ணில் சாறு ஏறிக் கறுத்தது. பாதையோரக் கல்லில் ராசம்மா வந்து உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்தாளோ.

"மாமா, கிள்ளாதீங்க. நகம் படக்கூடாது, ஒடிக்கணும்."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சரி. ரெண்டு கையாலயும் ஒடிங்க. ஒரு கை என்னா, ஊஞ்சலா ஆடுது?"

இந்த வார்த்தைகளை நான் அவளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். அவள் ஒரு எழுத்து மாற்றாமல் திருப்பிக் கொடுத்தாள். எழுந்து வந்து பக்கத்து நிரையில் இறங்கப் போனாள். நான் விடவில்லை. காத்துக் கொடுப்பது என் வேலை, காக்க முடியாமல் போன பிறகு பறித்துக் கொடுப்பதும் என் வேலைதான்.

அந்த வழியே தண்ணீருக்குப் போன வீரய்யா நின்றான். தலையில் தொப்பி.

"அடடே, பெரியவருக்குக் கூடை நல்லா எடுப்பா இருக்கே! சேலையும் எடுத்துத் தரட்டுமா?"

"ஒன் பரிவட்டத்த அவுத்துட்டு வா," என்றேன். "அத மடிச்சுக் கட்டிக்கிறேன்."

ராசம்மா சிரித்த சிரிப்பு கீழ் லயம்வரை கேட்டிருக்கும். வீரய்யா போய்விட்டான். மத்தியானத்துக்குள் பன்னிரண்டு நிரையையும் முடித்தேன். கொழுந்தை அம்மன் காலடியில் கொட்டினேன். அங்கேயே கிடந்து காயட்டும் என்று விட்டேன்.

திங்கட்கிழமை என் கேங் சாமி நிரையில் இறங்கியது. ஒரு கூடையும் நிறையவில்லை. மற்ற மலைக் கொழுந்தோடு மாலையில் மடுவத்துக்கு வந்தபோது துரை கேட்டார்.

"கோயில் பக்கம் கொழுந்து எங்க கங்காணி?"

"ஆத்தா எடுத்துக்கிட்டா தொரை."

மூன்று ஞாயிறு இப்படிப் போனது. நான்காவது சனிக்கிழமை ஜெயரத்தினம் ஒரு கடிதத்தோடு லயத்துக்கே வந்தார். இங்கிலீஷில் ஒரு முழுப் பக்கம், கீழே துரையின் கையெழுத்து.

"விளக்கம் கேட்டிருக்கினம். பதினாலு நாளுக்குள்ள எழுத்தில குடுக்கவேணுமாம். இல்லாட்டி வேலை நிப்பாட்டுவினமாம். உங்களுக்கு இன்னும் ரெண்டு வருசம்தானே கிடக்கு செல்லசாமி, கொஞ்சம் யோசியுங்கோ."

"யோசிச்சிட்டேங்க கிளாக்கரய்யா."

"என்ன எண்டு எழுத?"

"எழுத்துல எதுவும் கிடையாதுன்னு எழுதுங்க. எங்க தாத்தாவுக்கும் வெள்ளைக்காரனுக்குமே கிடையாது. இவருக்கு எதுக்கு?"

அவர் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "கடதாசி நல்ல தடிப்பு," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

ராசம்மாவின் கூடை பழையது. அடியில் ஓட்டை விழுந்து சிறு துளிர்கள் பாதையெங்கும் சிந்திக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கடிதத்தை நாலாக மடித்துக் கூடையின் அடியில் போட்டேன். அன்றைக்கு ஒரு துளிர்கூடச் சிந்தவில்லை.